நாரியும் பீசும் 'டக்' என்ற சத்தமும்

என்னுடைய நாரிக்குள், அதாவது முதுகின் அடியில், கிடக்கிற இரும்புத் துண்டு நடக்கத் தொடங்கிவிட்டது என்று நான் நம்பினேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, முழு மனதோடு நம்பினேன். எந்தப் பக்கமாகப் போகிறது, எவ்வளவு தூரம் வந்துவிட்டது, முள்ளந்தண்டை எப்போது முட்டும் என்றெல்லாம் என் தலைக்குள் ஒரு வரைபடமே இருந்தது. கிணற்றடியில் குளிக்கும்போது விரலால் அமத்திப் பார்த்து, "இண்டைக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட வந்திட்டுது" என்று மனுசிக்கு அறிவிப்பேன். அவா உடுப்பைப் பிழிந்து கொடியில் போட்டபடி, "வந்தால் கதிரையைப் போட்டு இருத்துங்கோ, நான் தேத்தண்ணி ஊத்திறன்" என்பா.

வன்னிக்கு வெளியில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் உடம்புக்குள் இரும்பு வைத்திருப்பது பெரிய அதிசயமில்லை. சண்டைக் காலத்தில் செல் வெடித்துச் சிதறிய துண்டுகள் பலருடைய தோளிலும் தொடையிலும் இன்னும் கிடக்கின்றன. எடுக்கப் போனால் வில்லங்கம், விட்டால் தொல்லை இல்லை என்று அந்த நேரத்து வைத்தியர்கள் விட்டுவிட்ட துண்டுகள். அவற்றை நாங்கள் பீஸ் என்போம். தேத்தண்ணிக் கடை வாங்கில் நாலு பேர் இருந்தால் இரண்டு பேரிடமாவது ஒரு பீஸ் இருக்கும். மழை வருமா என்று நாங்கள் வானொலியைக் கேட்பதில்லை. "என்ர பீஸ் உளையுது, பின்னேரம் பெய்யும்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் எழும்பிப் போய்க் காயவிட்ட நெல்லை அள்ளுவார்கள்.

என்னுடைய பீஸ் புளியங்கொட்டை அளவு. செல் விழுந்தபோது நான் பதுங்குகுழிக்குள் தலையால் பாய்ந்தேன். தலை முழுசாக உள்ளே போனது. மிச்சம் போவதற்கு நேரம் காணவில்லை. இடப்பக்கம் பட்டது. "நாரியில பீஸ் கிடக்கு" என்று வருசக்கணக்காக ஊருக்குச் சொல்லி வந்தேன். கலியாண வீடுகளில் பந்தல் போடக் கூப்பிட்டால் நாரியைப் பிடிப்பேன். கோயில் தேர் இழுக்கக் கூப்பிட்டாலும் நாரியைப் பிடிப்பேன். சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் பிடிப்பதில்லை. அந்த வகையில் அது எனக்குப் பெரிய உபகாரமான இரும்பு.

நாரி நோ வந்து வலிக்கத் தொடங்கிய விதத்தைச் சொன்னால் மரியாதை இல்லை. நெல் மூடை தூக்கியபோது பிடித்தது, லான்ட்மாஸ்டர் உழவு மெசினைச் சேற்றில் இருந்து இழுத்தபோது பிடித்தது என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. நடந்தது வேறு. முற்றத்தில் குனிந்து நின்று செருப்பில் ஏறியிருந்த நெருஞ்சி முள்ளைப் பிடுங்கினேன். அதே நேரம் ஒரு தும்மல் வந்தது. அவ்வளவுதான். குனிந்தவன் நிமிர முடியவில்லை.

மனுசியைக் கூப்பிட்டேன். அவா குசினி யன்னலால் எட்டிப் பார்த்தா.

"என்ன, காசு விழுந்திட்டுதோ?"

"நிமிர ஏலாமல் கிடக்கு."

"அப்ப அப்பிடியே நிண்டு அந்தக் கோழிக் கூட்டையும் ஒருக்காக் கூட்டி விடுங்கோ."

அவாவில் பிழை இல்லை. கிணறு இறைக்க வேண்டிய நாளில் மயங்கி விழுந்து காட்டியவன் நான். அவாவின் தமையன் காசு கடனாக மாற வந்தபோது காது கேளாதவனாக அரை நாள் இருந்தவனும் நான்தான். கறி தாளித்து இறக்கிவிட்டு அவா வெளியே வந்தபோதும் நான் அதே இடத்தில், அதே கோணத்தில், செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றேன். பகிடியென்றால் இவ்வளவு நேரம் நான் தாங்கமாட்டேன் என்பது அவாவுக்குத் தெரியும். அதன் பிறகுதான் வந்து தோளைப் பிடித்தா.

அடுத்த நாள் நோ நாரியில் இருந்து இறங்கி, வலது தொடையால் ஓடி, குதிக்கால் வரைக்கும் கரண்ட் அடித்த மாதிரிப் போனது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பீஸ் பட்டது இடப்பக்கம். நோ வலப்பக்கம். சாதாரண மனிதன் என்றால் இதை வைத்து, பீசுக்கும் நோவுக்கும் சம்பந்தம் இல்லை என்று முடிவு கட்டியிருப்பான். நான், பீஸ் இடமிருந்து வலமாக நடந்து வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். வருகிற வழியில் நடுவில் முள்ளந்தண்டு இருக்கிறதே, அதை எப்படிக் கடந்தது என்று ஒரு தரம் யோசித்தேன். இன்னும் கடக்கவில்லை, இப்போதுதான் முட்டிக்கொண்டு நிற்கிறது, அதுதான் இந்த நோ என்று விடையும் நானே கண்டுபிடித்தேன்.

இந்த ஆராய்ச்சியைத் தேத்தண்ணிக் கடையில் வைத்தேன். கடைக்காரரின் தாய் தகப்பன் மலையகத்தில் இருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். அவருடைய தொடையிலும் ஒரு பீஸ் இருக்கிறது. பீஸ் விசயத்தில் எங்கள் பகுதிக்கு அவர்தான் பேராசிரியர்.

"நடக்கும்ணே," என்றார், தேத்தண்ணியை இழுத்து ஆற்றியபடி. "தர்மபுரத்துல ஒருத்தருக்குத் தோள்ல பட்டது, பத்து வருசம் கழிச்சு முழங்கையில வந்து எட்டிப் பாத்துச்சு. அவரு பாட்டுக்குச் சொறிஞ்சாரு, கையோட வந்திருச்சு."

"எனக்கு நாரியடியில எல்லோ நிக்குது. அது எங்கால எட்டிப் பாக்கும்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒங்களுக்கு எட்டிப் பாக்காதுண்ணே. நரம்பை வெட்டிரும். கால் ரெண்டும் படுத்துரும்."

ஆறுதல் சொல்லத் தெரிந்த மனிதர். அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்த நடையை இப்போதும் வாங்கில் இருந்தவர்கள் நடித்துக் காட்டுவார்கள். ஒவ்வொரு அடியும் கடைசி அடி என்ற நினைப்பில், தலையில் தண்ணிக் குடம் வைத்தவன் மாதிரி நடந்தேனாம். இரணைமடு வாய்க்கால் ஓரத்தில் எங்கள் வயல் கிடந்தது. ஐப்பசி மழைக்கு முன்னம் உழுது விதைக்க வேண்டும். கால் போனால் யார் உழுவது? மனுசிதான் உழ வேண்டும் என்று வீட்டு வாசலுக்கு வருவதற்குள் தீர்மானித்து, அவாவுக்கு லான்ட்மாஸ்டர் ஓட்டப் பழக்க வேண்டும் என்றும் யோசித்துக்கொண்டு வந்தேன். அவா என்னிலும் வடிவாக ஓட்டுவா என்பது அந்த நேரம் ஞாபகத்துக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு சத்திரசிகிச்சை வைத்தியரிடம் அனுப்பினார்கள். மனுசியும் கூட வந்தா. காந்தத்தால் பார்க்கிற ஸ்கான் ஒன்று இருக்கிறதாம். அதற்கு எழுத முன்னம் வைத்தியர் கேட்டார்: "உடம்பில இரும்பு ஏதும் இருக்கோ?"

"ஓம் டொக்டர், நாரியில ஒரு பீஸ்."

அவர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். "ஓம், கிடக்கு. அது அங்கயே கிடக்கட்டும். நாங்கள் வேற ஸ்கான் எடுப்பம்."

அது அங்கேயே கிடக்கட்டும் என்ற அந்த ஒரு வசனத்தில் எனக்கு வியர்த்தது. ஏன் கிடக்கட்டும் என்கிறார்? எடுக்க முடியாத இடத்துக்குப் போய்விட்டதா? மற்றப் பக்கத்தில் காந்தம் வேறு. அந்த மெசினுக்குள் என்னைத் தள்ளியிருந்தால், சோடா மூடி காந்தத்தில் ஒட்டுவது போல நான் அந்தரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றிருப்பேன் என்று எனக்கு ஒரு காட்சி ஓடியது. மனுசி கீழே நின்று, "இறங்குங்கோ, நேரமாகுது" என்று சொல்கிறா. காட்சிக்குள்ளும் அவா அப்படித்தான்.

மற்ற ஸ்கான் வந்த பிறகு வைத்தியர் நிதானமாக, நீளமாக விளங்கப்படுத்தினார். அவர் வாயில் இருந்து வந்தவற்றில் எனக்குள் போனது ஒரே ஒரு சொல்தான்: ஒப்பரேசன். அதற்கு முன்னால் என்ன சொன்னார், பின்னால் என்ன சொன்னார் என்று கேட்டால், அவர் வாய் அசைந்தது மட்டும் தெரியும். வெளியே வந்து பஸ்சுக்கு நிற்கும்போது மனுசியிடம் சொன்னேன்: "பீசை எடுக்கப் போறாங்கள். வெட்டேக்க அது சறுக்கினால் நான் முடிஞ்சன்."

"அந்த மனுசன் பீசைப் பற்றிக் கதைக்கவே இல்லையே."

"மறைக்கிறார்."

அவா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாம்பழம் விற்கிறவரிடம் போய் விலை கேட்கத் தொடங்கினா.

கைரோபிரக்டிக் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது கனடாவில் இருக்கிற அக்காவிடம். அக்காவின் மகள், என்னுடைய மருமகள், அங்கே அதைத்தான் படித்து, சில வருசமாகத் தொழிலும் செய்கிறாள். மருந்து மாத்திரை இல்லாமல், வெட்டாமல், கையாலேயே முள்ளந்தண்டைப் பிடித்துப் பார்த்துத் திருத்துகிற வைத்தியம் என்று அக்கா சொன்னா. "வெட்டுறதுக்கு முதல் ஒருக்கா அதை யோசிச்சுப் பார். ஓகஸ்டில நாங்கள் வாறம். அவள் வந்து பாப்பாள்" என்றா. அப்படியே ஒரு வீடியோவும் அனுப்பினா.

அந்த வீடியோ என்னைப் பிடித்துக்கொண்டது. கழுத்துப் பட்டி கட்டிய ஒருவர் மெத்தைக் கட்டிலில் ஒரு ஆளைக் குப்புறப் போடுகிறார். முதுகில் இரண்டு கையையும் வைக்கிறார். படுத்திருக்கிறவர் மூச்சை விடுகிறார். டக். எழும்பி உட்கார்ந்தவரின் முகத்தில் புதுச் சாரம் கட்டிய சந்தோசம். ஒன்று பார்த்தேன். போனே அடுத்ததைக் காட்டியது. கழுத்து, தோள், இடுப்பு, கால் பெருவிரல். டக், டக், டகடக. மனுசி குசினியில் இருந்து, "முருங்கைக்காய் முறிக்கிறியளோ?" என்று கேட்டா. நான் அவாவின் போனில் பார்த்து டேட்டா முடிந்த அன்றைக்குத்தான் அவாவுக்கு விசயம் பிடிபட்டது.

எனக்கு அந்தச் சத்தத்தில் ஒரு ஆராய்ச்சிப் பைத்தியம் பிடித்தது. அது என்ன சத்தம்? விலகிய எலும்பு தன் இடத்துக்குப் போய் விழுகிற சத்தமா? அப்படியென்றால் அலுமாரிக் கதவு கொளுவுகிற மாதிரி ஒன்று உள்ளே கொளுவுகிறது. கொளுவினால் பீஸ் ஒதுங்கும். பீஸ் ஒதுங்கினால் நோ போகும். நோ போனால் ஒப்பரேசன் இல்லை. எல்லாம் ஒரு டக்கில் இருக்கிறது.

மருமகள் வரும்வரை பொறுக்க முடியாமல் தேத்தண்ணிக் கடைக்காரரிடம் போய், பின்னால் நின்று என்னை அணைத்துத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கும்படி கேட்டேன். வீடியோவையும் காட்டினேன். அவர் கையைத் துடைத்துவிட்டு வந்து பின்னால் நின்றார். கட்டிப் பிடித்தார். பிறகு மெல்ல விட்டுவிட்டார்.

"வேணாம்ணே. நான் தூக்குற நேரம் பாத்து ஒங்க பீஸ் வெளிய வந்து என் வயித்துல ஏறிருச்சுன்னா? எனக்கு ஒண்ணு இருக்கு, போதும்."

அக்காவும் மருமகளும் வருகிற செய்தியை நான்தான் பரப்பினேன். மருமகள் கனடாவில் எலும்பு வைத்தியர், ஞாயிற்றுக்கிழமை காலமை என்னை முறிக்கப் போகிறாள், ஒரு டக், அதோடு எல்லாம் சரி என்று வாங்கில் இருந்தவர்களுக்குச் சொன்னேன். மனுசி மட்டும் இடையில் ஒரு கேள்வி கேட்டா.

"அவள் ஒப்பரேசன்தான் எண்டு சொன்னால்?"

"சொல்ல மாட்டாள்."

"சொன்னால்?"

முற்றத்தில் விதைநெல்லைக் காயப் போட்டிருந்தோம். அதை இந்த முறை நான் விதைப்பேனா, அல்லது கட்டிலில் கிடந்து அவா விதைப்பதைப் பார்ப்பேனா என்பதுதான் அந்தக் கேள்விக்குள் இருந்த கேள்வி. அது இருவருக்கும் தெரியும். நான் காலை நொண்டியபடி போய்க் கோழியைக் கலைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சனம் வந்துவிட்டது. கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். முன்வீட்டு அம்மா தன்னுடைய பிளாஸ்டிக் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தா, எங்கள் வீட்டுக் கதிரை போதாது என்று தெரிந்து. மருமகள் விறாந்தைக்கு வந்து கூட்டத்தைப் பார்த்தாள்.

"மாமா, இவையள் ஏன் வந்திருக்கினம்?"

"சத்தம் கேக்க, பிள்ளை."

ஹோலில் பாய் விரிக்கச் சொன்னாள். யன்னலைச் சாத்தச் சொன்னாள். சாத்தினார்கள். எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றார்கள்.

முறிப்பாள் என்று காத்திருந்தால், அவள் கேள்வி கேட்டாள். எப்ப தொடங்கினது, எங்க தொடங்கினது, இருமினால் கூடுதோ, இரவில எழுப்புதோ. மூத்திரம் போறதில கரைச்சல் இருக்கோ. காலுக்கு இடையில மரத்துப் போற மாதிரி இருக்கோ. முன்வீட்டு அம்மா வாசலில் நின்று காதைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்தா.

"பிள்ளை, நாரியில நோ எண்டால் மூத்திரத்தை ஏன் விசாரிக்கிறாய்?" என்று கேட்டேன். பகிடிக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே அறிய ஆசை.

"அந்த அடியில போற நரம்புகள்தான் அதையும் பாக்குது மாமா. அது பிழைச்சால் நான் உங்களைத் தொடவே மாட்டன், வாகனத்தில ஏத்தி நேரா ஆஸ்பத்திரிக்குத்தான். ஒருத்தருக்காகவும் காத்திருக்கக் கூடாது."

குதிக்காலால் நடக்கச் சொன்னாள். பிறகு முன்னங்காலால். கோழி மாதிரி ஹோலுக்குள் சுற்றினேன். படுக்க வைத்துக் காலைத் தூக்கினாள். ஓரளவு உயர்த்தியதும் கரண்ட் அடித்தது. கத்தினேன். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினாள், கால் தானாகத் துள்ளியது. கடைக்காரர், "இன்னொருவாட்டித் தட்டும்மா" என்றார். எனக்கும் இன்னொரு தரம் பார்க்க ஆசைதான். என்னுடைய கால், என்னைக் கேட்காமலே துள்ளுகிறது. இத்தனை வருசமாக எனக்குள் இப்படி ஒரு சங்கதி இருப்பது எனக்கே தெரியாது.

"இனி உங்கட படங்களைத் தாங்கோ."

மனுசி அலுமாரியில் இருந்து எடுத்துக் கொடுத்தா. மருமகள் எக்ஸ்ரேயை வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள். வாசலில் நின்றவர்கள் எல்லோரும் தலையைச் சேர்த்துக் குனிந்து பார்த்தார்கள்.

"பீஸ் எங்க, பிள்ளை? முள்ளந்தண்டில முட்டிக்கொண்டு நிக்குதோ?"

"பீஸ் இந்தா மாமா." அவள் படத்தின் கீழ் மூலையைக் காட்டினாள். ஓரத்தில், படம் வெட்டுப்படுகிற இடத்தில், வெள்ளையாக ஒரு புளியங்கொட்டை. "முள்ளந்தண்டு இஞ்ச. ரெண்டுக்கும் சம்பந்தமில்லை."

"அப்ப அது எந்த இடம்?"

மருமகள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சபையைப் பார்த்தாள். மரியாதையாகச் சொல்ல ஒரு சொல்லைத் தேடினாள் என்று நினைக்கிறேன். கனடாவில் வளர்ந்த பிள்ளை, அந்த நேரத்துக்குச் சொல் அகப்படவில்லை.

"குண்டியில நிக்குது மாமா. இடப்பக்கம்."

கடைக்காரர் மெதுவாகக் கேட்டார், "அண்ணே, அப்ப நாரியில இருக்கிறது?"

நான் மனுசியைப் பார்த்தேன். அவா கதவு நிலையில் சாய்ந்து நின்றா.

"பட்ட இடமே அதுதானே," என்றா. "ஒரு மாதமா மருந்து வைச்சுக் கட்டினது நான் எல்லோ."

"அப்ப நான் கிணத்தடியில நாரியை அமத்தி அமத்திக் காட்டேக்க ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் வழமையா விடுற பகிடி எண்டு நினைச்சன். ஊருக்கும் அப்பிடித்தானே சொல்லிக்கொண்டு திரிஞ்சனீங்கள்."

இங்கேதான் எனக்கு விசயம் விளங்கியது. பதுங்குகுழிக்கு வெளியே நின்ற மிச்சம் எது என்று சபையில் சொல்ல வெட்கப்பட்டு, முதலில் நாரிக்குக் கீழே என்று சொன்னேன். பிறகு கீழே என்பதை விட்டுவிட்டேன். வருசக்கணக்காகச் சொல்லச் சொல்ல அது என்னுடைய வாயாலேயே ஒரு சாண் மேலே ஏறி, நாரியில் குடியிருந்துவிட்டது. பீஸ் நடந்தது உண்மை. நடத்தினது நான். மற்றவர்கள் நம்பியதில் ஆச்சரியமில்லை. சொன்னவனே நம்பியதுதான் இதில் ஆச்சரியம்.

"அப்ப பந்தல் போடக் கூப்பிடேக்க நாரியைப் பிடிச்சது?" என்று முன்வீட்டு அம்மா கேட்டா. நான் கூரையைப் பார்த்தேன்.

மருமகள் மற்ற ஸ்கானை எடுத்து எனக்கு விளங்கப்படுத்தினாள். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி டிஸ்க் இருக்கிறது. அதில் ஒன்று பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை அமத்துகிறது. தும்மலோடு வெளிக்கிட்டது அதுதான். கனபேருக்கு இது கொஞ்ச மாதத்தில் தானாக அடங்கும். கால் பலம் குறைந்தால், மூத்திரம் பிழைத்தால் உடனே ஓட வேண்டும். அடங்காவிட்டால் மட்டும் ஒப்பரேசனைப் பற்றி யோசிக்கலாம்.

"டொக்டரும் இதைத்தான் சொன்னவர்," என்றா மனுசி. "ஒரு சொல்லும் கூடக் குறைய இல்லை. நீங்கள்தான் ஒப்பரேசன் எண்ட சொல்லோட வெளிய எழும்பிப் போட்டியள்."

"சரி," என்றேன். மானம் போன பிறகு மிச்சம் இருந்தது சத்தம் ஒன்றுதான். "இனி முறி பிள்ளை. சனம் காத்துக்கொண்டு நிக்குது."

"இல்லை மாமா. உங்களை நான் முறிக்க மாட்டன்."

"ஏன்?"

"கால் வரைக்கும் நரம்பு நோ ஓடுது. இது புதுசு, இன்னும் கொதிச்சுக்கொண்டு நிக்குது. என்ர கிளினிக்கில எண்டாலும் இப்ப உங்களை முறுக்கமாட்டன். அதோட இஞ்ச வைத்தியம் செய்ய எனக்கு லைசன்ஸும் இல்லை. ஒரு பிரச்சினை வந்தால் பிறகு உங்களை ஆர் பாக்கிறது? ஒப்பரேசனுக்கு முதல் எங்களிட்ட வாறது நல்லதுதான், சிலருக்கு உதவும். ஆனா வாற எல்லாரையும் முறிக்கிறது எங்கட வேலை இல்லை. ஆரை முறிக்கக் கூடாது எண்டு பாக்கிறதும் வேலைதான்."

"அப்ப அந்தச் சத்தம்? எலும்பு இடத்துக்குப் போற சத்தம்?"

அவள் அப்போதுதான் சிரித்தாள். "எலும்பு எங்கயும் போறேல்லை மாமா. மூட்டுக்குள்ள கொழுகொழுத்த தண்ணி மாதிரி ஒண்டு இருக்கு. மூட்டைச் சட்டெண்டு இழுக்க அதுக்குள்ள காத்துக் குமிழி வருது. சோடா மூடி திறக்கிற மாதிரி. சத்தம் வந்தாப் போல சுகம் வந்திட்டுது எண்டு இல்லை, வராட்டி சுகம் இல்லை எண்டும் இல்லை."

நான் எத்தனை டேட்டா கார்ட் இந்தச் சோடா மூடிக்குச் செலவழித்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் இந்த விளக்கம் எனக்கு அந்த டக்கை விடப் பிடித்திருந்தது. கை விரல் ஒன்றை இழுத்துச் சொடுக்கிப் பார்த்தேன். சோடா. இன்னொன்று. இதுவும் சோடா. வாசலில் நின்றவர்களும் ஒவ்வொருவராகச் சொடுக்கிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் எங்கள் வீட்டில் வேறு சத்தம் இல்லை.

சனத்துக்கு ஏமாற்றம்தான். கதிரையைத் தூக்கிக்கொண்டு முன்வீட்டு அம்மா வெளிக்கிட்டபோதுதான் மருமகள் மனுசியைப் பார்த்து, "மாமி, உங்கட தோள் ஏன் இப்பிடி இறுகிக் கிடக்கு?" என்று கேட்டாள். நான் நொண்டத் தொடங்கிய நாளில் இருந்து தண்ணி அள்ளியதும், மாட்டைப் பார்த்ததும், உர மூடை இறக்கியதும் அவா என்பது எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. அவாவிடமும் மருமகள் ஒன்றும் விடாமல் எல்லாம் விசாரித்தாள், கையைத் தூக்க வைத்தாள், கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "நரம்பு நோ இல்லை, வீட்டு ஆள் எண்டபடியால் செய்யிறன்" என்று பாயில் குப்புறப் படுக்க வைத்து, மேல் முதுகில் இரண்டு கையையும் வைத்து, "மூச்சை விடுங்கோ மாமி" என்றாள்.

டக்.

வாசல் முழுக்க ஒரு பெருமூச்சு. கடைக்காரர் கை தட்டினார். மனுசி எழும்பி உட்கார்ந்து தோளைச் சுழற்றிப் பார்த்தா. முகத்தில் எந்த அதிசயமும் இல்லை.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன். எனக்குப் பொறாமையாக இருந்தது.

"ஒருத்தர் என்ர முதுகில கை வைச்சு, நோகுதோ எண்டு கேட்டது நல்லாயிருக்கு," என்றா. நான் போய் அவாவுக்குத் தேத்தண்ணி ஊத்தினேன்.

எனக்குக் கிடைத்தது பயிற்சிதான். குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, நெஞ்சை மட்டும் உயர்த்த வேண்டும். உடும்பு தலையைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி. காலமையும் பின்னேரமும் வாய்க்கால் கரையில் நடக்க வேண்டும், படுத்தே கிடக்கக் கூடாது. லான்ட்மாஸ்டரில் இப்போதைக்கு ஏறக் கூடாது, குனிந்து பாரம் தூக்கக் கூடாது. கிளினிக் நாளுக்கு வைத்தியரிடம் கட்டாயம் போக வேண்டும், செய்தது எல்லாம் சொல்ல வேண்டும். மருமகள் தாயோடு கனடாவுக்குத் திரும்பிய பிறகும் வீடியோவில் கூப்பிட்டு, நான் உடும்பாகிக் கிடப்பதைப் பார்த்துப் பிழை பிடிப்பாள். மனுசி போனைப் பிடித்துக் காட்டுவா, நான் கள்ளம் செய்ய முடியாத கோணத்தில்.

நோ உடனே போகவில்லை. முதலில் குதிக்காலில் இருந்து ஏறிக் கெண்டைக்காலுக்கு வந்தது. பிறகு தொடைக்கு வந்தது. இப்படி மேலே ஏறுவது நல்ல அடையாளம் என்றாள் மருமகள். ஏதோ ஒன்று எனக்குள் உண்மையாகவே நடந்துகொண்டிருந்தது, அது பீஸ் இல்லை என்பதுதான் வித்தியாசம். தண்ணி அள்ளுகிற வாளியை நான் எடுத்தேன், முழு வாளி இல்லை, அரை வாளி. மனுசி மற்ற அரை வாளியை எடுத்தா.

தேத்தண்ணிக் கடையில் என்னுடைய நிலைமை வேறு. "அண்ணே, ஒக்காருங்க" என்பார் கடைக்காரர், வாங்கைத் துடைத்துவிட்டு. "வலப்பக்கமா ஒக்காருங்க. இடப்பக்கத்துக்குத்தானே மழை வர்றது தெரியும்."

கிளினிக் நாளில் வைத்தியர் காலைத் தூக்கிப் பார்த்தார். முன்னையை விட நல்லா உயர்ந்தது. காலின் பலத்தைப் பார்த்தார். பயிற்சியை விட வேண்டாம், கூடினால் வரச் சொன்னார், இப்போதைக்கு ஒப்பரேசன் தேவையில்லை என்றார். இந்த முறை அவர் சொன்னது முழுவதையும் கேட்டேன். விளங்காத இடத்தில் திருப்பிக் கேட்டேன். மனுசி பக்கத்தில் இருந்து, எனக்கு விளங்கியதோ என்று பார்த்துக்கொண்டிருந்தா.

டிஸ்க் தானாக அடங்கியது. என்னை ஒருவரும் வெட்டவில்லை, ஒருவரும் முறிக்கவில்லை. அந்த மழைக்கு மனுசி உழுதா, நான் விதைத்தேன். பீஸ் பட்ட இடத்திலேயே கிடக்கிறது.